பழுப்புப் பலகைகளும் கரிபடிந்த கூரைகளும்

அம்மானை விட்டுக் கிளம்பும் எந்தச் சாலையிலும் பழுப்பு நிறப் பலகைகள் தென்படும். ஜோர்டானில் வரலாற்றின் நிறம் பழுப்பு. கோட்டை, மாளிகை, இடிந்த தேவாலயம், பலியிடும் மேடை என்று தொல்பொருளாக அங்கீகரிக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதி, அம்புக்குறி போட்டு, வழி காட்டி நிற்கும். 2019 நவம்பரில் நானும் என் நண்பனும் நான்கு நாட்கள் இந்தப் பலகைகளைப் பின்தொடர்ந்து போனோம். நண்பன் மதுரைக்காரன். ஆறு வருஷமாக அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை. கொச்சை அரபி பேசுவான். வண்டி அவனுடையது. நான் கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இந்தப் பயணம் பற்றி எழுத வேண்டுமென்று திரும்பி வந்ததும் நினைத்தேன். இத்தனை ஆண்டு எழுத முடியாமல் போனதற்குக் காரணம், எழுத எடுத்தபோதெல்லாம் நான் பார்த்தவற்றைவிடப் பலகை காட்டாதவைதான் முன்னால் வந்து நின்றன என்பதே.

முதல் நாளே அது தொடங்கிவிட்டது. ஸர்க்கா தாண்டி துலைல் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். அந்தப் பகுதி முழுக்க ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். அமெரிக்கக் கடைகளில் தொங்கும் சட்டைகளில் ஒரு பங்கு இந்த வறண்ட வெளியில்தான் தைக்கப்படுகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இலங்கை, நேபாளம், இந்தியா என்று வெளியிலிருந்து வந்த பெண்கள். பெட்டிக்கடை வாசலில் நின்றிருந்த பெண்களில் ஒருவர் நண்பனைப் பார்த்து, “சார், எங்க இந்தப் பக்கம்? லீவா?” என்றார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னோம். “மூணு வருசமா இங்கதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை மட்டுந்தான் லீவு. துணி தோய்க்கவே சரியாப் போயிரும். கோட்டையெல்லாம் பாத்ததில்ல சார்” என்றார். மலையகத் தோட்டத்திலிருந்து இந்த வெளிக்கு வந்து சேர்ந்த அந்தத் தமிழ், நூற்றைம்பது ஆண்டு இடப்பெயர்வின் நீட்சி. அதற்கு எந்த நிறத்திலும் பலகை கிடையாது. அது கிடக்கட்டும்.

அஸ்ரக் போகும் வழியில் இடப்புறம் வெள்ளைத் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. 2014இல் சிரிய அகதிகளுக்காகத் திறக்கப்பட்ட முகாம். அதைத் தாண்டினால் விமானப்படைத் தளம். அதையும் தாண்டினால் பழுப்புப் பலகை: அஸ்ரக் கோட்டை. கறுத்த எரிமலைக் கல்லால் ஆனது. ரோமானியர் இருந்த இடம். 1237இல் அய்பக் என்ற மம்லூக் அதிகாரி திருப்பிக் கட்டியதாக வாசலிலேயே அரபிக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் காவலர் எங்களை நேராக மாடிக்கு அழைத்துப் போனது ‘லாரன்ஸ் அறை’யைக் காட்டத்தான். 1917 குளிர்காலத்தில் சில வாரங்கள் தங்கிய ஆங்கிலேய அதிகாரி, எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுக் கல்வெட்டை விழுங்கிவிட்டார். காவலரைக் குறை சொல்வதற்கில்லை. வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் தண்ணீர். இந்தப் பாலையின் நடுவே ஊற்றுகளும் சதுப்பும் இருந்தன. லட்சக்கணக்கான பறவைகள் வந்திறங்கின. எருமைகள் மேய்ந்தன. 1977இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. 1980களின் தொடக்கத்திலிருந்து அம்மான் நகரத்துக்குக் குடிநீர் உறிஞ்சினார்கள். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வேறு. 1992இல் ஊற்றுகள் வறண்டன. இன்று குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு ஒரு சிறு பகுதியை மட்டும் ‘காப்பகமாக’ வைத்திருக்கிறார்கள். பாலை தனியொரு நிலமன்று, மற்ற நிலங்கள் வெயிலில் திரிந்த நிலை என்று சிலப்பதிகாரம் சொல்வதை அங்கே நின்று நினைத்துக்கொண்டேன். அஸ்ரக்கைத் திரித்தது வெயில் அல்ல, மோட்டார்.

‘பாலைவனம்’ என்ற நம் சொல்லை அரபியில் ஒரே சொல்லால் பெயர்க்க முடியாது. ஸஹ்ரா என்பது ஒன்று. பாதியா என்பது இன்னொன்று. பாதியா என்றால் ஆள் நடமாடும் மேய்ச்சல் வெளி. பதூவி, அதாவது பெடூயின் என்ற பெயர் அதிலிருந்து வருகிறது. நிலத்தின் பெயரே மனிதரின் பெயருக்கு வேர். ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகளில் இந்த இரண்டாவது சொல் உதிர்ந்துபோய், வெற்றிடம் என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது. வெற்றிடத்தில்தானே ‘கண்டுபிடிக்க’ முடியும்.

அந்த வெற்றிடத்தின் பொய்யை நான் கண்ணால் கண்டது இரண்டாம் நாள். அஸ்ரக்கில் நாங்கள் தங்கிய விடுதியின் காவலாளி வண்டியில் ஏறிக்கொண்டார். வடகிழக்கே, கருங்கல் கொட்டிக் கிடக்கும் வெளி. பலகை ஏதுமில்லை. ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, கல் குவியல் ஒன்றின் அருகே குனிந்தார். கல்லின் கறுத்த தோலைக் கொத்தி வெளுத்த கோடுகள். முதலில் கீறல் என்றே நினைத்தேன். எழுத்து.

சஃபாயித்திக் என்று அறிஞர்கள் அழைக்கும் எழுத்து இது. சிரியாவின் தெற்கிலும் ஜோர்டானின் வடகிழக்கிலும் சவூதியின் வடக்கிலுமாக 30,000க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. நான்காம் நூற்றாண்டு வரையிலானவை என்பது பொதுவான கணிப்பு. எழுதியவர்கள் அரசர்களோ பூசாரிகளோ அல்லர், ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள். இன்னான், இன்னான் மகன், அவன் இன்னான் மகன் என்று ஐந்தாறு தலைமுறை வரை பெயர் அடுக்குவார்கள். பிறகு ஒரு செய்தி: இங்கே மேய்த்தேன், மழைக்குக் காத்திருந்தேன், தம்பியின் நினைவுக்கல்லைக் கண்டு துக்கித்தேன், ரோமானியரிடமிருந்து தப்பி வந்தேன். முடிவில் அல்லாத் தெய்வத்திடம் பாதுகாப்பு வேண்டுதல். சிலவற்றில் ஒரு சாபமும் உண்டு: இந்த எழுத்தை அழிப்பவன் கண் அவிந்து போகட்டும்.

இந்தக் கல்லின் முன்னால் நமக்குப் பழக்கமான கோட்பாடுகள் கொஞ்சம் திணறுகின்றன. லெவி-ஸ்ட்ராஸ் ‘துயர வெப்பமண்டலங்கள்’ (1955) நூலில், நாம்பிக்வாரா தலைவன் எழுதுவதுபோல் பாவனை செய்த நிகழ்ச்சியை முன்வைத்து, எழுத்தின் முதற்பயன் மனிதர்களை அடிமைப்படுத்துவதே என்ற முடிவுக்கு வருகிறார். நகரம், வரி, கணக்கு, அரசு, அதன் கருவியாக எழுத்து. 1967இல் தெரிதா இதைக் கட்டவிழ்த்தபோது, எழுத்தறியாத மக்களை மாசற்றவர்களாகக் காணும் ஏக்கம் அதற்குள் ஒளிந்திருப்பதைக் காட்டினார். நியாயம்தான். ஆனால் தெரிதாவுக்கும் கையில் கிடைத்த உதாரணம் எழுதாத மக்கள்தாம். இங்கேயோ எழுதிய நாடோடிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தால் நடைமுறைப் பயன் என்று பெரிதாக ஏதுமில்லை. கணக்கு எழுதவில்லை. சட்டம் எழுதவில்லை. கூலிக்கு எழுதுகிற எழுத்தரும் கிடையாது. சஹாராவின் துவாரெக்குகள் பள்ளிக்கூடம் இல்லாமலேயே டிஃபினாக் எழுத்தைக் கற்றுக்கொள்வதை ஒப்பிட்டு, மேய்ச்சலின் நீண்ட பகல்களில் பொழுதைக் கழிக்க இவர்கள் எழுதினார்கள் என்கிறார் மைக்கேல் மெக்டொனால்டு. ‘பொழுதைக் கழிக்க’ என்பது எனக்குப் போதவில்லை. தம்பியின் கல்லைக் கண்டு துக்கித்தேன் என்று எழுதுவது பொழுதுபோக்கா? ஆனால் அரசின் துணையில்லாமல் ஓர் எழுத்துப் பண்பாடு பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது என்பதை அவர் நிறுவிவிட்டார். நாடோடிக்கு வரலாறு கிடையாது என்று சொன்னவர்கள் இந்தக் கற்களை மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்கள்.

“படம் எடுத்தாச்சுல்ல, கெளம்புவோம். இருட்டுனா ரோடு சரியில்ல” என்றான் நண்பன். காவலாளி கல்லை எடுத்த இடத்திலேயே, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். விற்பவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

திரும்பும் வழியில் கஸ்ர் அம்ரா. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் உமய்யா இளவரசர் வலீத் பின் யஸீத் கட்டிய குளியல் மாளிகை. அவர் பெயர் கொண்ட எழுத்து 2012இல், சுவரைத் துப்புரவாக்கும்போதுதான் வெளிப்பட்டது. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க ஓவியம். வேட்டை, குளிக்கும் பெண்கள், குவிமாடத்தில் ராசி மண்டலம். சீசர், ரோடெரிக், குஸ்ரூ, நஜாஷி என்று பெயரிட்ட அரசர்களும் பெயர் அழிந்த இருவரும் கை நீட்டி நிற்கிறார்கள். எல்லாப் புத்தகங்களும் இந்த ஆறு அரசர்களைப் பற்றிப் பேசும். அண்ணாந்து பார்த்தால் ஒரு வளைவு முழுக்கக் கட்டங் கட்டமாகக் கொத்தனார், தச்சர், கொல்லர், கல் உடைப்பவர், ஒட்டகத்தில் கல் ஏற்றுபவர். மாளிகையைக் கட்டியவர்களே மாளிகைக் கூரையில் இருக்கிறார்கள். இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் படித்தேன். நேரில் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்ராவை 1898இல் செக் நாட்டுப் பாதிரியாரும் அறிஞருமான அலோய்ஸ் மூசில் ‘கண்டுபிடித்தார்’. பெடூயின்கள் சொல்லி, பெடூயின்கள் அழைத்துப்போய்க் காட்டிய இடம் அது. வியன்னாவில் முதலில் அவரை நம்பவில்லை. 1901இல் ஓவியர் ஒருவரோடு போய் நகலெடுத்தார். அந்த வேலையில் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்ட துண்டு ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1970களில் ஸ்பானிய வல்லுநர்கள் நூற்றாண்டுக் கணக்கான கரியை நீக்கி ஓவியங்களை மீட்டார்கள். மீட்டது நல்லதுதான். ஆனால் அந்தக் கரி என்ன? குளிர்கால இரவுகளில் அங்கே ஒதுங்கிய மேய்ப்பர்கள் மூட்டிய தீயின் புகை. எட்டாம் நூற்றாண்டு வரலாறு. அதற்குப் பிந்திய ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு அழுக்கு. எது வரலாறு, எது அழுக்கு என்ற பிரிப்புக்கு அறிவியலில் இடமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிரிப்பை யார் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முஷத்தா என்ற இன்னொரு உமய்யா மாளிகை. அதன் செதுக்குச் சுவரில் முப்பது மீட்டருக்கும் மேல் நீளமான பகுதி 1903இல் பெர்லினுக்குப் போய்விட்டது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது கெய்சர் வில்ஹெல்முக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஜெர்மன் பொறியாளர்கள் ஹிஜாஸ் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். சுவரைக் கொடுத்த சுல்தான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பிறகு தெற்கே, ராஜபாட்டை என்ற பழைய சாலை. மாதபாவின் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்தைப் பற்றியும் கரக் கோட்டையைப் பற்றியும் எழுதாமல் விடுகிறேன். அவற்றுக்குப் புத்தகங்கள் நிறைய உண்டு. திபானில் மட்டும் நிற்க வேண்டும்.

திபானில் பார்க்க ஒன்றுமில்லை. மேடு, முட்செடி, வெட்டிப் போட்ட குழிகள். “இதுக்கா எண்பது வளைவு எறங்கி ஏறி வந்தோம்?” என்றான் நண்பன். பார்க்க இருந்தது பாரிஸில், லூவ்ரில் இருக்கிறது. மோவாப் அரசன் மேஷா கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் பொறித்த 34 வரிக் கல். இஸ்ரவேலின் ஆதிக்கத்தை உடைத்ததைச் சொல்லும் அதே கல்லில், நகரத்துக்குள் தொட்டி இல்லாததால் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு தண்ணீர்த்தொட்டி வெட்டிக்கொள்ள ஆணையிட்டதாகவும் சொல்கிறான். 1868இல் கிளைன் என்ற மிஷனரிக்கு அதைக் காட்டியவர்கள் உள்ளூர் பெடூயின்கள். அதன் பிறகு பிரஷ்யாவும் பிரான்சும் போட்டி போட்டன. பிரெஞ்சுத் தூதரகத்தைச் சேர்ந்த கிளெர்மோன்-கனோ அனுப்பிய ஆள் ஈரத்தாளை ஒட்டி அச்செடுத்துக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டு, காயாத தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பேரம் முற்றி, துருக்கி நிர்வாகத்தின் வழியாக நெருக்கடி கொடுத்தார்கள். 1869இல் பனூ ஹமீதா குலத்தார் கல்லைத் தீயில் காய்ச்சி, குளிர்ந்த நீரை ஊற்றி, வெடிக்க வைத்தார்கள். துண்டுகளைப் பங்கு போட்டுத் தானியக் குதிர்களில் வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே புதையல் இருக்கிறது என்று நம்பிய அறியாமை என்பது ஐரோப்பியக் கதையாடல். புதையல் வேட்கையும் இருந்திருக்கலாம். ஆனால் முந்தைய ஆண்டுதான் டமாஸ்கஸ் ஆளுநரின் படை அந்தக் குலங்களை ஒடுக்க வந்துபோயிருந்தது. அதே ஆட்சி இப்போது வந்து கல்லைக் கொடு என்கிறது. கொடுக்கமாட்டோம் என்று சொல்லும் வலு இல்லாதவர்கள், கொடுக்கமுடியாதபடி ஆக்கிவிட்டார்கள். இதை ஓர் அரசியல் செயலாக வாசிக்கலாம் என்றேன். நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. “என்ன வேணா சொல்லு மாப்ள. ஒடச்சது ஒடச்சதுதானே? முழுசா இருந்திருந்தா நீயும் நானும் படிக்கலாம்ல.” அவன் சொல்வதும் சரி. லூவ்ரில் இருப்பது, தேடி வாங்கிய துண்டுகளையும், அந்தக் கிழிந்த ஈரத்தாளைப் பார்த்து நிரப்பிய இடைவெளிகளையும் சேர்த்து ஒட்டிய கல். இந்த வாதம் பெட்ரா போகும் வரை வண்டியில் ஓடிற்று. முடியவில்லை.

பெட்ராவில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். அந்த ஆண்டு வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஸீக் என்ற மலை இடுக்கில் நடந்து, கடைசித் திருப்பத்தில் கஸ்னா முகப்பு வெளிப்படும் அந்தக் கணத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை. எனக்கும் மூச்சு நின்றது உண்மை. ஆனால் ஸீக்கின் இருபுறமும் பாறையில் வெட்டிய கால்வாய்தான் எனக்கு அதைவிடப் பெரிது. நபாத்தியர்கள் தண்ணீரைப் பிடித்துவைத்து வாழ்ந்தவர்கள். மழை வெள்ளம் ஸீக்குக்குள் புகாமல் அணைகட்டிச் சுரங்கம் வழியே திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த அமைப்பு சிதைந்து கிடந்த 1963இல், திடீர் வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் ஸீக்குக்குள் இறந்தார்கள். மறு ஆண்டு புது அணை கட்டியதும் பழைய அணை இருந்த இடத்தில்தான். தண்ணீர் இன்றும் நபாத்தியரின் சுரங்கம் வழியே போகிறது.

1812 ஆகஸ்டில் பர்க்ஹார்ட் என்ற சுவிஸ்காரர் ஷேக் இப்ராஹீம் என்ற பெயரில், ஹாரூன் நபியின் அடக்கத்தலத்தில் ஆடு பலியிடப் போவதாகச் சொல்லி இங்கே நுழைந்தார். வழிகாட்டி உள்ளூர்க்காரர். இடிபாடுகளுக்குள் நுழைந்து நுழைந்து பார்க்கும் இந்த ஹாஜியை வழிகாட்டி சந்தேகப்பட்டதை பர்க்ஹார்ட்டே எழுதியிருக்கிறார்: நீ புதையல் எடுக்க வந்த காஃபிர். கஸ்னாவின் உச்சியிலுள்ள கல் கலசத்தில் புதையல் இருக்கிறதென்று துப்பாக்கியால் சுட்ட தழும்புகளை இன்றும் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். கலசம் உள்ளீடற்றதல்ல, முழுப்பாறை. சிரிப்பதற்கு முன் வழிகாட்டியின் பக்கத்திலிருந்தும் யோசிக்கலாம். அந்நியன் எதையோ எடுத்துப்போக வந்திருக்கிறான் என்று அந்த ஆள் கணித்தது தவறென்று, லூவ்ரையும் பெர்லினையும் பார்த்த பிறகு யாரால் சொல்ல முடியும்?

பர்க்ஹார்ட்டுக்குப் பின் வந்தவர்கள் ‘இறந்த நகரம்’ என்றார்கள். இறந்த நகரத்தின் குகைக் கல்லறைகளில் பதூல் என்ற குலத்தார் குடியிருந்தார்கள். ஆடு வளர்த்தார்கள், சிறு வயல்களில் பயிரிட்டார்கள், 1929இல் அகழாய்வு தொடங்கியபோது மண் வெட்டினார்கள். 1985இல் பெட்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதே 1985இல் பதூல்கள் மேட்டில் கட்டிய உம் சைஹூன் என்ற சிமெண்டுக் கிராமத்துக்கு மாற்றப்பட்டார்கள். சில குடும்பங்கள் போகாமல் குகைகளிலேயே தங்கிவிட்டன. இதை வெறும் வெளியேற்றம் என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபம். மின்சாரம், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்களில் பலர் விரும்பியவை. குகை வாழ்க்கையைக் கவிதையாக்க நமக்கென்ன உரிமை? அவர்கள் இழந்தது வேறு. அந்த இடம் யாருடையது என்ற கேள்விக்கு ‘எங்களுடையது’ என்று பதில் சொல்லும் நிலையை இழந்தார்கள். இப்போது அவர்கள் அங்கே கழுதை ஓட்டலாம், மணிமாலை விற்கலாம். அனுமதியோடு.

கதையின் இரண்டாம் பாகம் 2005. அந்த ஆண்டு யுனெஸ்கோ ‘பெட்ரா, வாதி ரம் பகுதி பெடூயின்களின் பண்பாட்டு வெளி’யை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பாரம்பரியத்தின் சிறந்த வடிவங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது முறையான பட்டியலில் சேர்ந்தது. பதூல்களின் பெயரும் அதில் இருக்கிறது. குகையில் வாழ்ந்தது, மேய்ச்சல், வாய்மொழிப் பாடல், மருத்துவம் எல்லாம் பாதுகாக்கப்பட வேண்டியவையாம். அதாவது 1985இல் கல்லைக் காக்க மனிதர் வெளியே அனுப்பப்பட்டார்கள். இருபது வருஷம் கழித்து, வெளியே அனுப்பப்பட்டதால் மறையத் தொடங்கிய வாழ்க்கை ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது. இரண்டு பட்டியலும் ஒரே நிறுவனத்துடையவை. சதி என்று இதைச் சொல்லமாட்டேன். இரண்டு கோப்புகள், இரண்டு துறைகள், இரண்டு நல்லெண்ணங்கள். அதிகாரம் இப்படி நல்லெண்ணமாக நடமாடும்போது அதோடு சண்டை போடுவது கஷ்டம்.

நான் மட்டும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 50 தினார் கொடுத்து, ஆளில்லாத நகரத்தைப் பார்க்கத்தான் நானும் போனேன். படத்தில் குறுக்கே கழுதை வந்தபோது நகரட்டும் என்று காத்திருந்தேன்.

மதியம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கம்பளி விரித்து, கரி அடுப்பில் கறுத்த கெட்டில். கடை வைத்திருந்த மூதாட்டி பதூல். நண்பனின் அரபிக்குச் சிரித்தார். எங்கே பிறந்தீர்கள் என்று அவன் கேட்டதும், பின்னால் கையைக் காட்டினார். பாறையில் வெட்டிய கல்லறை. 1890களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெட்ராவின் எண்ணூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கும் குகைகளுக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறைக்கும் எண் இருக்க வேண்டும். வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

“போய்ப் பாருங்கன்னு சொல்றாங்க” என்றான் நண்பன். போனோம். உள்ளே ஆட்டு மணம் இன்னும் இருந்தது. சுவரில் மணற்கல்லின் சிவப்பும் மஞ்சளும் அலையலையாக. கூரை மட்டும் கறுப்பு. திரும்பி வந்து, அங்கே ஏதாவது தீப்பிடித்ததா என்று கேட்கச் சொன்னேன். அவன் கேட்டான். அந்த அம்மா ஏதோ சொல்லிவிட்டு டீயை ஊற்றினார்.

“அவங்க அம்மா அடுப்பு அங்கதான் இருந்துச்சாம்.”

டீ ஒரு தினார். இரண்டு குடித்தோம்.